சி மொழியில் எழுதிய பைத்தான் மாட்யூல் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சோதனைக் கருவியோடு வந்த சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து அழைக்க வேண்டியிருக்கும். கோலாலம்பூர் அலுவலகத்தில் லட்சக்கணக்கான வரிகளைப் புரட்டும் கணக்கை விரைவாக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் சியில் ஒரு மாட்யூல் எழுதி, கம்பைல் செய்து, பைத்தானுக்குள் இம்போர்ட் செய்கிறோம். அது ஓடாதபோது எங்கே பார்ப்பது என்பதற்கானது இந்த வழிமுறை. சிபைத்தான் (நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான்) 3.8 முதல் 3.13 வரை பொருந்தும். முதன்மையாக லினக்ஸ்; விண்டோஸ் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கட்டத்தில் நின்றது? கம்பைல் ஆகும்போதா, இம்போர்ட் செய்யும்போதா, ஓடும்போதா? இதைப் பிரிக்காமல் கையில் எடுத்தால், இம்போர்ட்டில் வந்த பிழைக்குக் கம்பைலர் கொடிகளை மாற்றிக்கொண்டே ஒரு நாள் ஓடிவிடும்.

அடுத்தது, எந்தப் பைத்தானில் வேலை நடக்கிறது என்பது. கம்பைல் செய்த பைத்தானும் ஓட்டும் பைத்தானும் ஒன்றாக இருக்க வேண்டும். தொகுப்புகளை நிறுவ வெறும் "பிப்" கட்டளையை நம்பாதீர்கள். எப்போதும் "பைத்தான்3 -எம் பிப்" என்றே அழையுங்கள். "பைத்தான்3 -எம் பிப் --வெர்ஷன்" என்று கொடுத்தால் அது எந்தக் கோப்புறைக்குச் சொந்தமான பிப் என்பது அந்த ஒரே வரியில் தெரிந்துவிடும்.

## கம்பைல் ஆகவில்லை: "பைத்தான்.எச் கிடைக்கவில்லை"

உங்கள் கோடில் குற்றமில்லை. ஹெடர் கோப்புகள் (ஃபங்ஷன் அறிவிப்புகள் உள்ள .எச் கோப்புகள்) நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். உபுண்டு, டெபியனில் "பைத்தான்3-டெவ்" தொகுப்பையும், ஃபெடோராவில் "பைத்தான்3-டெவெல்" தொகுப்பையும் நிறுவுங்கள். கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால் பதிப்பு எண்ணோடு கேளுங்கள், 3.12-இல் ஓட்டுபவருக்கு "பைத்தான்3.12-டெவ்" வேண்டும். விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) தனக்கென ஹெடர்களை வைத்திருப்பதில்லை. தான் எந்தப் பைத்தானிலிருந்து உருவானதோ அதனுடையதையே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில் இதே இடத்தில் "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் தேவை" என்று வரும். விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸை இறக்கி, அதில் சி++ டெஸ்க்டாப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். மேக்கில் "எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்".

## கம்பைல் ஆகவில்லை: "டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை"

மாட்யூல்களைக் கட்டப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதே பதிப்பிலிருந்து புதிய விர்ச்சுவல் என்விரான்மென்டில், அதன் வேலையைச் செய்யும் செட்டப்டூல்ஸும் தானாக வருவதில்லை. செட்டப்டூல்ஸை நிறுவுங்கள், செட்டப் கோப்பில் எக்ஸ்டென்ஷன் கிளாஸை அதிலிருந்தே இம்போர்ட் செய்யுங்கள்.

## கம்பைல் ஆகிறது, ஆனால் "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்" என்று எச்சரிக்கை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ஃபங்ஷனின் அறிவிப்பைப் பார்க்காத பழைய கம்பைலர், அது "இன்ட்" திருப்பித் தரும் என்று தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. உண்மையில் அது தருவது 64 பிட் பாயின்டர் (நினைவக முகவரி) என்றால் மேல்பாதி 32 பிட் போய்விடும். விளைவு, ஓடும்போது சம்பந்தமில்லாத இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் நொறுங்குவது). விடுபட்ட ஹெடரைச் சேர்த்தால் தீர்ந்தது. ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு முதல் இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிற்கிறது. பழைய ஜிசிசியில் "-வெரர்=இம்ப்ளிசிட்-ஃபங்ஷன்-டிக்ளரேஷன்" கொடுத்து அதே கண்டிப்பை வரவழைக்கலாம்.

ஹெடர் வரிசையும் முக்கியம். பைத்தான்.எச் மற்ற எல்லா ஹெடர்களுக்கும் முன்னால் வர வேண்டும். ஸ்டாண்டர்ட் ஹெடர்களின் போக்கை மாற்றும் சில வரையறைகள் அதற்குள் இருக்கின்றன.

## திருத்தியும் பழைய விடையே வருகிறது

மூன்று காரணங்கள் உண்டு. சி மாட்யூலை "இம்போர்ட்லிப்.ரீலோட்" புதுப்பிக்காது; ஜூப்பிட்டர் நோட்புக்கில் இருந்தால் கெர்னலை மறுபடி தொடங்குங்கள். நீங்கள் திருத்தியது ஹெடர் கோப்பு என்றால் செட்டப்டூல்ஸ் அதைக் கவனித்திருக்காது. எக்ஸ்டென்ஷனின் "டிபென்ட்ஸ்" பட்டியலில் அந்த ஹெடரைச் சேர்க்க வேண்டும், அல்லது "பில்ட்_எக்ஸ்ட் --இன்பிளேஸ் --ஃபோர்ஸ்" என்று கட்டாயப்படுத்த வேண்டும். மூன்றாவது, வேறு கோப்புறையில் கிடக்கும் பழைய பிரதி ஏறுகிறது. மாட்யூலின் "__ஃபைல்__" மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள், ஐயம் நீங்கிவிடும்.

## கோப்பு கண்முன் இருக்கிறது, "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்கிறது

கோப்பின் வாலைப் பாருங்கள். 64 பிட் லினக்ஸில் 3.12-க்குக் கட்டிய கோப்பு "சிபைத்தான்-312-எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ.எஸ்ஓ" என்று முடியும். 3.11 இந்தக் கோப்பைத் தேடவே தேடாது. ஓட்டும் பைத்தான் எந்த வாலை எதிர்பார்க்கிறது என்பதை "சிஸ்கான்ஃபிக்" மாட்யூலிடம் "எக்ஸ்ட்_சஃபிக்ஸ்" மாறியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கோப்பின் பெயரைக் கையால் மாற்றி ஏமாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். இம்போர்ட் ஆகிவிடும், ஆப்ஜெக்டுகளின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் பிறகு எங்கோ நொறுங்கும். ஒரே கோப்பு பல பதிப்புகளில் ஓட வேண்டுமென்றால் அதற்கு முறையான வழி, "பை_லிமிட்டெட்_ஏபிஐ" வரையறுத்து ஏபிஐ3 வாலோடு கட்டுவது.

## "டைனமிக் மாட்யூல் டஸ் நாட் டிஃபைன் மாட்யூல் எக்ஸ்போர்ட் ஃபங்ஷன்"

பைத்தான் கோப்பைத் திறந்துவிட்டது. தான் தேடிய தொடக்க ஃபங்ஷன் அதில் இல்லை என்கிறது. அந்த ஃபங்ஷனின் பெயர் "பைஇனிட்_" என்ற முன்னொட்டும் மாட்யூலின் பெயரும் சேர்ந்தது. செட்டப் கோப்பில் "_கருவி" என்று அடிக்கோட்டோடு பெயர் வைத்துவிட்டு, சியில் "பைஇனிட்_கருவி" என்று எழுதியிருந்தால் பொருந்தாது. "பைஇனிட்__கருவி" என்று இரண்டு அடிக்கோடு வேண்டும். மாட்யூல் ஒரு பேக்கேஜுக்குள் இருந்தால் கடைசிப் பகுதியின் பெயர் மட்டுமே கணக்கு.

பெயர் சரியாக இருந்தும் இதே பிழை வந்தால் "என்எம் -டி" கட்டளையால் கோப்பின் வெளிப்படையான குறிகளைப் பட்டியலிடுங்கள். பெயர் அங்கே இல்லையென்றால் ஃபங்ஷனுக்கு முன் "ஸ்டாட்டிக்" இருக்கும், அல்லது "பைமாட்இனிட்_ஃபங்க்" என்ற மேக்ரோவை விட்டுவிட்டு நேரடியாக "பைஆப்ஜெக்ட் *" என்று எழுதி, குறிகளை மறைக்கும் "-எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன்" கொடியோடு கட்டியிருப்பீர்கள். பெயர் உருக்குலைந்து தெரிந்தால் அது சி++ கம்பைலரின் வேலை. மேக்ரோவைப் பயன்படுத்தினால் இரண்டும் வராது.

## "அன்டிஃபைன்ட் சிம்பல்"

கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லினக்ஸ் லிங்கர், எஸ்ஓ (ஷேர்ட் ஆப்ஜெக்ட்) கோப்பைக் கட்டும்போது கிடைக்காத பெயர்களைப் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பைல் வெற்றி, இம்போர்ட் தோல்வி. "எல்டிடி -ஆர்" கொடுத்தால் தீராத பெயர்கள் வரிசையாக வரும். "பை" என்று தொடங்கும் பைத்தானின் சொந்தப் பெயர்களை அங்கே விட்டுவிடுங்கள், 3.8 முதல் மாட்யூல்கள் லிப்பைத்தானோடு இணைக்கப்படுவதில்லை, ஓடும் பைத்தானே அவற்றைத் தந்துவிடும். மிச்சம் இருப்பதைப் பாருங்கள்.

கருவி நிறுவனத்தின் ஃபங்ஷன் பெயர் மிஞ்சினால், அந்த லைப்ரரியை எக்ஸ்டென்ஷனின் "லைப்ரரிஸ்" பட்டியலில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அதை எல்டிஃபிளாக்ஸ் சூழல் மாறியில் போட்டிருந்தால் லிங்கர் வரியில் உங்கள் கோப்புகளுக்கு முன்னால் போய் நிற்கும். உபுண்டு அந்த இடத்தில் "இது இன்னும் யாருக்கும் தேவைப்படவில்லை" என்று லைப்ரரியைக் கழற்றிவிடுகிறது. பெயர் உருக்குலைந்து தெரிந்தால் "சி++ஃபில்ட்" கொண்டு படியுங்கள். பெரும்பாலும் சி ஹெடரை சி++ கோப்பில் "எக்ஸ்டர்ன் சி" இல்லாமல் சேர்த்ததுதான் காரணம்.

"ஷேர்ட் ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்பது வேறு நோய். இணைப்பு சரி, ஓடும்போது லைப்ரரி இருக்கும் இடம் தெரியவில்லை. நிறுவனங்கள் தங்கள் லைப்ரரியைப் பெரும்பாலும் "/ஆப்ட்" அடியில் வைக்கின்றன; அந்தப் பாதையை "ரன்டைம்_லைப்ரரி_டிர்ஸ்" மூலம் மாட்யூலுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். எல்டி_லைப்ரரி_பாத் டெர்மினலில் வேலை செய்யும், ஆனால் இரவு ஷிஃப்டில் சிஸ்டம்டி தொடங்கும் சோதனை நிரலுக்கு அது போய்ச் சேராது.

"ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை" என்றால் புதிய கணினியில் கட்டியதைப் பழைய சர்வரில் ஓட்டுகிறீர்கள். ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. பழையதில் கட்டி புதியதில் ஓட்டலாம், மறுதலையாக முடியாது. தொழிற்சாலைக் கணினிகளை எளிதில் புதுப்பிக்க விடமாட்டார்கள் என்பதால், பழைய லினக்ஸிலும் ஓடும்படி கட்ட உதவும் மேனிலினக்ஸ் கன்டெய்னருக்குள் கட்டி, "ஆடிட்வீல்" கொண்டு சரிபார்த்து அனுப்புவதே நிம்மதி.

## விண்டோஸ்: "டிஎல்எல் லோட் ஃபெய்ல்ட்"

தொலைந்தது உங்கள் மாட்யூல் அல்ல. அது சார்ந்திருக்கும் இன்னொரு டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு). 3.8 முதல் பைத்தான், மாட்யூல்கள் சார்ந்த டிஎல்எல்களைப் பாத் மாறியில் தேடுவதில்லை. பாத்தில் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தும் பயனில்லாமல் போவது இதனால்தான். இம்போர்ட்டுக்கு முன் "ஓஎஸ்.ஆட்_டிஎல்எல்_டைரக்டரி" என்று முழுப் பாதையைக் கொடுங்கள். எந்த டிஎல்எல் என்று தெரியாவிட்டால் "டம்ப்பின் /டிபென்டன்ட்ஸ்" சொல்லும். பழைய கருவிகளின் டிஎல்எல் 32 பிட்டாக இருந்தால் 64 பிட் பைத்தானுக்குள் ஏறாது. 32 பிட் பைத்தானை நிறுவி அதற்கென்று தனியாகக் கட்ட வேண்டும்.

## ஓடுகிறது, "ரிட்டர்ன்ட் நல் விதவுட் செட்டிங் அன் எக்செப்ஷன்"

"நல்" (எதையும் சுட்டாத பாயின்டர்) திருப்பித் தருவது பைத்தானுக்கு ஒரு வாக்கு: பிழையை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன் என்று பொருள். பதிவு செய்யாமல் நல் தந்தால் இந்தச் சிஸ்டம் எரர். நல் தரும் ஒவ்வொரு வழியையும் பாருங்கள். நினைவகம் ஒதுக்கும் மாலாக் தோற்றதற்குப் பின் "பைஎரர்_நோமெமரி" அழைக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது கருவியின் பிழை எண்ணை எக்செப்ஷனாக மாற்றாமல் விட்டிருப்பீர்கள்.

இதன் மறுபக்கம், விடையையும் தந்துவிட்டு எக்செப்ஷனையும் வைத்துவிடுவது. "பைலாங்_ஆஸ்லாங்" தோற்றால் -1 தரும். -1 உண்மையான விடையாகவும் இருக்கலாம். ஆகவே -1 வந்தால் மட்டும் "பைஎரர்_அக்கர்ட்" என்று கேட்டுப் பாருங்கள்.

## அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் "ஓவர்ஃப்ளோ எரர்"

மலேசிய அடையாள அட்டையான மைகாட்டின் எண் 12 இலக்கம். "பைஆர்க்_பார்ஸ்டியூப்பிள்" ஃபங்ஷனில் "ஐ" வடிவக்குறி 32 பிட் இன்ட்டை நிரப்புகிறது. அதன் உச்சம் 2,14,74,83,647. பத்து இலக்கத்திலேயே நின்றுவிடும். சின்ன "எல்" போட்டால் 64 பிட் லினக்ஸில் சரியாகிவிடும், அதே கோடு விண்டோஸில் விழும். அங்கே "லாங்" 32 பிட்தான். பெரிய "எல்" போட்டு "லாங் லாங்" மாறியில் வாங்கினால் இரண்டிலும் ஓடும்.

ஆனால் இந்த எண்ணை எண்ணாக வைப்பதே தவறு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தோடு தொடங்குகிறது. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். எண்ணாக்கினால் அந்தப் பூஜ்ஜியம் போய்விடும். சரமாகவே வாங்குங்கள்.

வடிவக்குறியும் மாறியின் வகையும் பொருந்தாவிட்டால் கம்பைலர் எச்சரிக்காது. சின்ன "எல்" குறிக்கு இன்ட் மாறியின் முகவரியைக் கொடுத்தால் லினக்ஸில் 4 பைட் இடத்தில் 8 பைட் எழுதப்படும். உண்மை-பொய்க்கான "பி" குறிக்கு "பூல்" மாறியைக் கொடுப்பதும் அப்படியே. அது கேட்பது இன்ட். பக்கத்து மாறியின் மதிப்பு காரணமில்லாமல் மாறுகிறது என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

## மலாய்ப் பெயரில் ஓடுகிறது, தமிழ்ப் பெயரில் நொறுங்குகிறது

யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "பினாங்கு" என்பதில் புள்ளியும் துணையெழுத்துகளும் சேர்த்து 8 குறிகள், 24 பைட். "கோலாலம்பூர்" 11 குறிகள், 33 பைட். ஓகாரக் குறியை ஒரே குறியாக இல்லாமல் ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்திருந்தால் 12 குறிகள், 36 பைட். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் பினாங்கின் மலாய்ப் பெயரான புலாவ் பினாங் என்பதை ரோமன் எழுத்தில் எழுதினால் இடைவெளியோடு 12 பைட்தான். 16 பைட் அரேயில் "எஸ்டிஆர்காப்பி" செய்யும் கோடு மலாய்ப் பெயரோடு எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டு, முதல் தமிழ்ப் பெயரில் நினைவகத்தைக் கிழிக்கும்.

16 பைட்டோடு வெட்டிவிடலாம் என்பதும் தீர்வல்ல. 16 என்பது 3-ஆல் வகுபடாது. ஒரு குறியின் நடுவே வெட்டுப்பட்டு, அதைப் பைத்தானுக்குத் திருப்பித் தரும்போது யூனிகோட் டிகோட் எரர் வரும். 15-இல் வெட்டினால் பிழை வராது, பெயர் "பினாங" என்று நிற்கும். அது இன்னும் மோசம். யாரும் கவனிக்காமல் தரவுத்தளத்துக்குள் போய்விடும்.

சரியான வழி: "பையூனிகோட்_ஆஸ்யூடிஎஃப்8அண்ட்சைஸ்" தரும் பைட் நீளத்தை வாங்கி, அதோடு 1 கூட்டி இடம் ஒதுக்குங்கள். "பையூனிகோட்_கெட்லெங்த்" தருவது குறிகளின் எண்ணிக்கை. அதை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது. "பையூனிகோட்_ஆஸ்யூடிஎஃப்8அண்ட்சைஸ்" தரும் பாயின்டர் மூலச் சரம் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். ஃபங்ஷன் முடிந்த பிறகும் வேண்டுமென்றால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

## பழைய பிறந்த தேதிகள் ஒரு நாள் முந்திப் போகின்றன

சி கோடில் 8 * 3600 என்று நேர வித்தியாசம் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். தீபகற்ப மலேசியா 1981 இறுதிவரை உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. 8 மணி நேரமானது 1982 ஜனவரி 1 முதல். 1975-இல் பிறந்தவரின் தேதியை நள்ளிரவாக வைத்து 8 மணி நேரம் கழித்துச் சேமித்தால், மண்டல விவரம் அறிந்த பைத்தான் அதைப் படிக்கும்போது முந்தைய நாள் இரவு 11.30 ஆகிவிடும். மண்டலக் கணக்கைப் பைத்தானின் "ஸோன்இன்ஃபோ" மாட்யூலுக்கு விடுங்கள். பிறந்த தேதியைத் தேதியாக மட்டும் வையுங்கள், அதற்கு நேரம் எதற்கு?

தேதி ஆப்ஜெக்டைத் தொட்டவுடன் நொறுங்கினால் "பைடேட்டைம்_இம்போர்ட்" மேக்ரோ விடுபட்டிருக்கிறது. அது நிரப்பும் பாயின்டர் ஒவ்வொரு சி கோப்பிலும் தனித்தனி ஸ்டாட்டிக். டேட்டைம்.எச் சேர்த்த ஒவ்வொரு கோப்பிலும் மேக்ரோ ஒருமுறை ஓட வேண்டும்.

## செக்மென்டேஷன் ஃபால்ட்

செய்தியில்லாத சாவு. முதலில் "பைத்தான்3 -எக்ஸ் டெவ்" என்று ஓட்டுங்கள். நொறுங்கிய பைத்தான் வரியும் கிடைக்கும், நினைவகத்தின் எல்லை மீறல்களும் பிடிபடும். சி வரி வேண்டுமென்றால் சிஃபிளாக்ஸ் மாறியில் "-ஓ0 -ஜி" வைத்து மறுபடி கட்டி, ஜிடிபி என்ற பிழைதேடும் நிரலை "ஜிடிபி --ஆர்க்ஸ் பைத்தான்3" என்று உங்கள் நிரலோடு திறந்து, "ரன்" கொடுத்து, விழுந்தவுடன் "பிடி" கொடுங்கள்.

இம்போர்ட் செய்தவுடன் விழுந்தால் மெத்தட் அட்டவணையின் கடைசியில் எல்லா மதிப்பும் "நல்" ஆன வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷனில் விழுந்தால் அந்த அட்டவணையில் அதற்குக் கொடுத்த கொடியும், ஃபங்ஷன் உண்மையில் வாங்கும் ஆர்க்யுமென்ட்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

ஜிடிபி காட்டும் இடம் பைத்தானின் சொந்தக் கோடுக்குள், குப்பை சேகரிப்பானில் என்றால் ரெஃபரன்ஸ் கணக்கு (ஓர் ஆப்ஜெக்டை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற எண்) தவறியிருக்கிறது. விழுந்த இடம் வேறு, தவறிய இடம் வேறு. இங்கேதான் பொறுமை வேண்டும். "பைலிஸ்ட்_கெட்ஐட்டம்", "பைடியூப்பிள்_கெட்ஐட்டம்", "பைடிக்ட்_கெட்ஐட்டம்" மூன்றும் இரவல் தருகின்றன. அவற்றின் கணக்கைக் குறைக்கும் "பை_டெக்ரெஃப்" செய்யக் கூடாது. "பைசீக்வென்ஸ்_கெட்ஐட்டம்", "பைஆப்ஜெக்ட்_கெட்ஆட்டர்ஸ்ட்ரிங்" சொந்தமாகத் தருகின்றன. முடிந்ததும் விடுவிக்க வேண்டும். "பைலிஸ்ட்_செட்ஐட்டம்", "பைடியூப்பிள்_செட்ஐட்டம்" உங்களிடமிருப்பதை எடுத்துக்கொள்கின்றன. பிறகு விடுவித்தால் இரட்டை விடுவிப்பு. "பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்" இன்னும் சிக்கல்: வென்றால் மட்டும் எடுத்துக்கொள்ளும், தோற்றால் விடுவிக்கும் பொறுப்பு உங்களுடையது. 3.10 முதல் "பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப்" இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

இரவலில் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. பட்டியலிலிருந்து ஒரு பொருளை இரவலாக எடுத்து, நடுவில் ஒரு பைத்தான் ஃபங்ஷனை அழைக்கிறீர்கள். அது அதே பட்டியலைக் காலி செய்துவிட்டால் கையில் இருப்பது செத்த பாயின்டர். நடுவில் எந்தப் பைத்தான் கோடும் ஓட வாய்ப்பிருந்தால் எடுத்தவுடன் கணக்கைக் கூட்டும் "பை_இன்க்ரெஃப்" செய்துகொள்ளுங்கள்.

"3.12-இல் ஓடுகிறது, 3.11-இல் நன்னைக் கொன்றுவிட்டது" என்றால் வியக்க வேண்டாம். 3.12 முதல் நன் (மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட்) சாகாத ஆப்ஜெக்ட். அதன் கணக்கைத் தவறாகக் குறைத்தாலும் ஒன்றும் ஆகாது. 3.11-இல் கணக்கு பூஜ்ஜியத்தைத் தொட்டதும் பைத்தான் நின்றுவிடும். பிழை இரண்டிலும் இருக்கிறது. "பை_ரிட்டர்ன்_நன்" மேக்ரோவையே எழுதுங்கள்.

## நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது

புதிதாக ஒரு பட்டியலை உருவாக்கி, அதன் "சிஸ்.கெட்ரெஃப்கவுன்ட்" எண்ணைக் குறித்துக்கொண்டு, சந்தேகப்படும் ஃபங்ஷனுக்கு 1000 முறை கொடுங்கள். எண் 1000 கூடியிருந்தால் ஒரு விடுவிப்பு விடுபட்டிருக்கிறது. சின்ன எண்களையோ நன்னையோ வைத்துச் சோதிக்காதீர்கள், 3.12 முதல் அவற்றின் கணக்கு நகராது. எண் நகராமலே நினைவகம் ஏறினால், சியில் மாலாக் செய்ததை விடுவிக்காத வழி எங்கோ இருக்கிறது. பிழை நேர்ந்து பாதியில் திரும்பும் வழிகளை முதலில் படியுங்கள்.

## கருவி காத்திருக்கும்போது மொத்த நிரலும் உறைகிறது

சி ஃபங்ஷன் கில் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் பூட்டு) பிடித்தபடி காத்திருக்கிறது. காத்திருக்கும் அழைப்பை மட்டும் "பை_பிகின்_அலவ்_த்ரெட்ஸ்", "பை_எண்ட்_அலவ்_த்ரெட்ஸ்" இரண்டுக்கும் நடுவே வையுங்கள். அந்த நடுவில் எந்தப் பைத்தான் ஆப்ஜெக்டையும் தொடக் கூடாது. வேண்டிய மதிப்புகளை முன்பே சி மாறிகளில் எடுத்துவிடுங்கள்.

கருவியின் லைப்ரரி தன் சொந்த த்ரெடிலிருந்து உங்கள் கால்பேக்கை (அழைப்பதற்காக நீங்கள் அதனிடம் கொடுத்த ஃபங்ஷனை) அழைத்தால் நிலைமை தலைகீழ்: அங்கே பூட்டு உங்களிடம் இல்லை. நுழைந்தவுடன் "பைகில்ஸ்டேட்_என்ஷ்யூர்", வெளியேறும்முன் "பைகில்ஸ்டேட்_ரிலீஸ்". கால்பேக்குக்குள் எழும் எக்செப்ஷனை அங்கேயே "பைஎரர்_ரைட்அன்ரெய்சபிள்" கொண்டு அச்சிட்டுவிடுங்கள். அதை மேலே எடுத்துச் செல்ல யாரும் இல்லை.

கில் பூட்டில்லாத 3.13 பதிப்பில் உங்கள் மாட்யூலை ஏற்றினால், பூட்டைத் திரும்ப இயக்கிவிட்டதாக ஓர் எச்சரிக்கை வரும். "பை_மாட்_கில்" இடத்தில் "பை_மாட்_கில்_நாட்_யூஸ்ட்" எழுதினால் எச்சரிக்கை மறைந்துவிடும். அதை எழுதுமுன் சி கோப்பில் உள்ள ஒவ்வொரு ஸ்டாட்டிக் மாறியையும், பல த்ரெடுகள் பகிரும் ஒவ்வொரு பஃபரையும் தேடிப் பூட்டுப் போடுங்கள். கருவி நிறுவனத்தின் லைப்ரரி ஒரே நேரத்தில் பல த்ரெடுகளிலிருந்து அழைக்கத் தக்கது என்று அவர்களின் கையேடு சொல்லாதவரை அதன் ஒவ்வொரு அழைப்பையும் ஒரே மியூடெக்ஸ் பூட்டுக்குள் வையுங்கள்.